ஒரு ஏக்கர் நெல்லும் இரண்டு வரிசைக் கேரட்டும்

பிரெக்கான் மலைச்சரிவு, வேல்ஸ்
9 ஜூன் 1996

கொளஞ்சிக்கு,

இதைப் படிக்கும் முன் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்துவிட்டு வா. நான் கிளம்பிய அன்று அதைப் போட்டேனா இல்லையா என்று விமானத்தில் ஏறியதிலிருந்து மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

பார்த்தாயிற்றா? இனிப் படி.

லண்டனில் என் தங்கை மகள் அம்சவள்ளியின் வீட்டில் பத்து நாள் இருந்தேன். குழந்தை நன்றாக இருக்கிறது. நான் இன்னும் அங்கேயே இருந்து அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதாக ஊர் நினைக்கட்டும். உண்மையில் நேற்று முன்தினம் ரயில் ஏறி இந்தப் பண்ணைக்கு வந்துவிட்டேன். உரக்கடைப் பக்கமே போகாமல் விவசாயம் செய்பவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் வெளியாட்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். கூலி கிடையாது. சாப்பாடும் படுக்கையும் தந்து, தொழிலையும் சொல்லித் தருகிறார்கள். மூன்று மாதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மற்றத் தொண்டர்கள் இரண்டு பேர், கல்லூரிப் பிள்ளைகள். அறுபத்து மூன்று வயதில் வந்தவள் நான் ஒருத்திதான்.

பண்ணைக்காரி பெயர் க்வென். நாற்பது வயதிருக்கும். என்னை 'அமிர்தம்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் படித்த கடலூர் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கூப்பிட்டதோடு சரி. அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. முதல் நாள் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

காலையில் நாலு மணி நேரம் களை எடுக்கிறேன். இது உனக்கு மட்டும் தெரிந்த விஷயம். என் கொழுந்தனார் தங்கதுரை காதுக்கு எட்டினால், அண்ணி வெள்ளைக்காரி கழனியில் சோற்றுக்குக் களை பிடுங்குகிறாள் என்று கள்ளக்குறிச்சி மார்க்கெட் வரை சொல்லிவிட்டு வருவார்.

அவரிடம் நான் சொன்ன வார்த்தை உனக்கு நினைவிருக்கட்டும். பதினெட்டு மூட்டை. கிணற்றடி ஏக்கரில் யூரியாவும் மருந்தும் இல்லாமல் பதினெட்டு மூட்டை நெல் கண்டால், நிலம் என் கையில். ஒரு மூட்டை குறைந்தாலும் ஆறு ஏக்கரும் தங்கதுரை கைக்குப் போகும், கரும்புக்கு. பங்காளிகள் எல்லார் முன்னும் சொன்னது. என் கணவர் போன இந்த இரண்டு வருடத்தில் நானாக எடுத்த ஒரே முடிவு அந்த ஒரு ஏக்கர்.

எதையும் நான் எழுதிக் கொடுத்த நோட்டில் இருக்கிறபடியே செய். நோட்டில் இல்லாததை எனக்கு எழுதிக் கேள். பதில் வரும்வரை கை வைக்காதே. என் கடிதத்தை மீற மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறாய். அப்படிச் செய்ய வைத்ததைச் சிஸ்டர்கள் அறிந்தால் சிரிப்பார்கள். ஆனாலும் அது சத்தியம்தான்.

இந்தப் பண்ணை முகவரி எழுதிய பத்து நீல விமானத் தபால் தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. மறக்காமல் தேதி போடு.

இடுப்பு வலிக்கிறது. நீ என்ன செய்வாய் இதற்கு?

அமிர்தம்

*

தேதி 23, ஆறாம் மாசம்

அம்மாவுக்கு கொளஞ்சி எழுதிக்கிறது. தேதிய மொதல்ல போட்டுட்டேன், இல்லன்னா திட்டுவீங்க.

தாப்பா போட்டுதான் இருக்குது. நீங்க போட்டது இல்ல. நீங்க போன அன்னைக்கு தொறந்துதான் கெடந்துது. நான் போட்டேன்.

நீங்க களை எடுக்கறத நெனச்சா சிரிப்பு வருது. அப்பறம் பாவமாவும் இருக்குது. குந்திகினே எடுக்காதீங்க. ஒரு முட்டிய மண்ணுல ஊனிக்கோங்க. இழுக்காதீங்க, வேருகிட்ட புடிச்சி கொஞ்சம் திருப்பினா அதுவா வந்துடும். பக்கத்துல பேச ஆளு இருந்தா நோவு தெரியாது. ஆளு இல்லன்னா பாடுங்க. அங்க யாருக்கு புரியப் போவுது.

இப்ப கழனி. நட்டு முப்பத்தஞ்சு நாளு ஆவுது. தூரு பரவால்ல. பச்ச கம்மி. வரப்புல போறவங்க எல்லாம் இன்னாடி கொளஞ்சி உங்கம்மா கழனிக்கு மஞ்சக்காமாலயான்னு கேக்குறாங்க. நான் உங்க கழனிக்கு பித்தம்னு சொல்லிட்டேன்.

அதுக்கு கவல இல்ல. நாலு நாளா எல சுருண்டுகினு இருக்குது. பிரிச்சி பாத்தா உள்ள பச்ச புழு. சுரண்டி சுரண்டி எல வெள்ளையா போயிடுது. கெணத்து மேட்டோரம் ஜாஸ்தி. உங்க நோட்ட மூணு தடவ படிச்சேன். இந்த புழு அதுல இல்ல. அறிவொளி கிளாஸ்ல எழுத்து கூட்ட கத்துக்கினது இதுக்குத்தானா, இருக்கறத படிக்கலாம், இல்லாதத எப்பிடி படிக்கிறது.

சின்னவரு நேத்து வந்து பாத்தாரு. சிரிச்சாரு. அப்பறம் எங்க வூட்டுக்காரர கூப்டு, பாவாடை, மருந்தடிக்கிற டேங்க ரெடியா வெச்சிக்கோ, அண்ணி சார்பா நானே மருந்து வாங்கி தரேன்னாரு. ஒரு சொட்டு மருந்து அடிச்சாலும் பந்தயம் போச்சின்னு அவருக்கு தெரியாதா.

இன்னா செய்யட்டும். சீக்கிரமா எழுதுங்க. புழு கடுதாசிக்கு நிக்காது.

கொளஞ்சி

*

4 ஜூலை 1996

கொளஞ்சி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. பதினோரு நாள். நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்: ஒன்றும் செய்யாதே.

க்வெனுக்கு உன் கடிதத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் இந்த நிலத்தில் பதினைந்து வருடமாக எந்த மருந்தும் அடித்ததில்லை. பூச்சியைப் பூச்சியே பார்த்துக்கொள்ளும், பறவைகள் வரும், பொறுமையாக இருக்கச் சொல் என்கிறாள். ஆகவே கழனியில் இறங்காதே. இலையைத் தொடாதே. பாவாடையை டேங்கோடு வரப்புப் பக்கமே விடாதே.

இதை எழுதும்போது உன் கடிதத்தின் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இந்தப் பதினோரு நாளில் அங்கே என்ன ஆயிற்றோ. இது உன்னிடம் வர இன்னும் பதினொன்று. அதுவரை நீ எதுவும் செய்திருக்க மாட்டாய் என்பதுதான் என் ஒரே ஆறுதல்.

முட்டி ஊன்றச் சொன்னாயே, அதன் பிறகு இடுப்பு தேவலை. பாடவும் பாடினேன், கான்வென்ட் பிரார்த்தனைப் பாட்டு. பண்ணை நாய் எழுந்து போய்விட்டது. இங்கே மண் வெண்ணெய் போல இருக்கிறது. காலையில் நான் தோண்டிய உருளைக்கிழங்கு மதியம் என் தட்டில். மலைச்சரிவு முழுக்க ஆடுகள். மேகம் இறங்கும்போது நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் கல்வராயன் மலையேதான். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. வெட்டிய புல்லின் வாசனையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். இவ்வளவு நன்றாக இருப்பது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இன்று ஒரு காரியம் செய்தேன். மேல் பாத்தியில் பார்த்தீனியம் முளைத்திருந்தது. சின்னசேலம் ஸ்டேஷன் ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கிறதே, அதேதான். அதே கிழிந்த இலை. விதைத்தது போல இரண்டு நீள வரிசை. இந்தச் சனியன் கடல் தாண்டியும் வந்துவிட்டது பார். யாரும் சொல்லாமலே ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்துவிட்டேன். க்வென் சந்தைக்குப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் ஆச்சரியப்படுவாள்.

மறுபடியும் சொல்கிறேன், ஒன்றும் செய்யாதே.

அமிர்தம்

*

17 ஜூலை 1996

கொளஞ்சி,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் கேட்காவிட்டாலும் வாரம் ஒன்று எழுது என்று சொல்லித்தான் பத்துக் கடிதம் வைத்தேன். எழுதாமல் இருக்க ஒரே காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. அதை எழுத வேண்டாமென்று பார்க்கிறேன்.

எழுதியே விடுகிறேன். தங்கதுரை உன்னிடம் பேசினாரா? பாவாடைக்கு வருடம் முழுதும் மருந்தடிக்கும் வேலை அவர் தருவது. நான் தருவது ஒரு ஏக்கர் களை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நீ எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்கே தெரிகிறது.

இங்கே மழை. எனக்குத் தனியாகத்தான் வேலை கொடுக்கிறார்கள், வெங்காயத்தாள் கட்டுவது. காரணம் கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அது பார்த்தீனியம் இல்லை. கேரட்.

நம் கடைக்கு வரும் கேரட்டுக்குத் தலை கிடையாதே, கொளஞ்சி. நான் அந்த இலையை எங்கே பார்த்தேன்? வேர் நூல் மாதிரி இருந்தது. பிடுங்கும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. முப்பது வீடுகளுக்கு வாரா வாரம் காய்கறிக் கூடை தருவதாகச் சொல்லி வாங்குகிறாள் க்வென். அவர்களுடைய குளிர்காலத்துக் கேரட் அது.

அவள் திட்டவில்லை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, வாடிக் கிடந்த இலைகளைக் கையில் எடுத்தாள். பிறகு, "என்னைக் கேட்டிருக்கலாமே, அமிர்தம்" என்றாள். அவ்வளவுதான். நம் ஊரில் உன்னை நான் எத்தனை வார்த்தை சொல்லியிருக்கிறேன், ஒரு நாற்று சாய்ந்ததற்கு. இவள் திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் விதைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். மறுபடி விதைத்தேன். முளைக்குமோ முளைக்காதோ, தினம் போய்க் குனிந்து பார்க்கிறேன்.

புழு என்ன ஆயிற்று? ஒரு வார்த்தை எழுது.

அமிர்தம்

*

29 ஜூலை 1996

கொளஞ்சி,

தங்கதுரை லண்டனுக்குப் போன் போட்டிருக்கிறார். "உங்க பெரியம்மா கழனி தூரத்துலேருந்து பாத்தா பருத்தி வெடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு, சொல்லுங்க" என்றாராம். அம்சவள்ளி நான் குளிக்கப் போயிருப்பதாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அது அவர் கண்ணில் பட்டதா, வாயில் வந்ததா என்று தெரியாது. நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்து இருபத்தைந்து நாளாகிவிட்டது.

இன்று ஒன்று மட்டும் சொல்ல எழுதுகிறேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்றும் செய்யாதே என்று நான் எழுதியது க்வென் சொன்னது. அவள் நம் புழுவைப் பார்த்ததில்லை. அவள் கேரட்டை நான் பார்த்ததில்லை. இருபத்தேழு வருடமாக அந்த மண்ணில் கை வைத்திருப்பவள் நீ. வரப்பில் குடையோடு நின்றவள் நான். நீ எழுதிக் கேட்டபோது, "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றுதான் நான் திருப்பி எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே, சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். உனக்குச் சரியென்று படுவதைச் செய். காலம் கடந்துவிட்டது என்றால் அதையும் எழுது. நான் தாங்கிக்கொள்வேன். ஆறு ஏக்கர் போனாலும் என் தலையில் இருக்கட்டும், உன் தலையில் இல்லை.

இன்னொன்று. இங்கே செந்தட்டி மாதிரி ஒரு செடி பட்டு என் கையெல்லாம் தடித்துவிட்டது. க்வென் உடனே கையுறை கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்தீனியம் பிடுங்கி உன் முழங்கை வரை கொப்புளம் வந்ததே, தேங்காய் எண்ணெய் தடவு என்றேன். கையுறை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா? உன் கையோடு சேர்த்து அதை நினைக்கவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

அமிர்தம்

*

தேதி 18, எட்டாம் மாசம்

அம்மாவுக்கு கொளஞ்சி எழுதிக்கிறது.

அறுத்தாச்சு. அடிச்சாச்சு. அளந்தாச்சு. அளந்தத கடசியில சொல்றேன். மொதல்ல சொன்னா மிச்சத்த படிக்க மாட்டீங்க.

உங்க கடுதாசி மூணு வந்துது. மூணும் அரிசி பானையில கெடந்துது. பிரிக்கல. கோவப்படாம கேளுங்க.

புழு பத்தி எழுதி போட்டுட்டு தினம் தபால்காரர பாத்துகினு இருந்தேன். பன்னண்டு நாளு. மேட்டோரம் இருந்தது நடு கழனிக்கு வந்துடுச்சு. அன்னைக்கு காலையில சின்னவரு மருந்து பாட்டில குடுத்து எங்க வூட்டுக்காரர அனுப்பிட்டாரு. டேங்க முதுவுல மாட்டிகினு வரப்புல வந்து நிக்கறாரு. நான் சொன்னேன், அடிக்கறதுன்னா அடிச்சிக்கோ, ஆனா இன்னையிலேருந்து சோறு நீயே பொங்கிக்கோ. அவரு, என்னாடி பண்ண சொல்றே, புழு தின்னுகினு கெடக்குது பாரு, நீ கடுதாசிய பாத்துகினு நில்லுன்னாரு. அவரு சொன்னதும் சரிதான்.

மலையில வேடியப்பன்னு ஒருத்தரு கொல்லைக்கு களை எடுக்க போனப்ப ஒண்ணு பாத்திருக்கேன். எலந்த முள்ளு கிளைய கவுத்துல வரிசையா கட்டி, இந்த பக்கம் ஒரு ஆளு அந்த பக்கம் ஒரு ஆளு புடிச்சிகினு பயிரு மேல இழுத்துகினே போவாங்க. சுருண்ட எல கிழிஞ்சி பிரிஞ்சிக்கும், புழு தண்ணில வுழும். அத செய்யணும்னு தோணுச்சு. ஆனா நோட்டுல இல்ல. கடுதாசியும் வரல. சூடம் அணச்சிருக்கேன். அப்பறம் யோசிச்சேன். கடுதாசிய மீற மாட்டேன்னுதான் சத்தியம். வராத கடுதாசிய எப்பிடி மீறறது.

அவரு டேங்க வரப்புல எறக்கி வெச்சிட்டு ஒரு முனைய புடிச்சாரு. எட்டு நாளு காலையில சாயங்காலம் இழுத்தோம். மொத நாளு கொக்கு ரெண்டு வந்துது. மூணாம் நாளு மைனாவும் கொக்குமா கழனியே தெரியல. புழு வுழுந்தப்பறம் வேப்பங்கொட்ட இடிச்சி ஊற வெச்சி தெளிச்சோம். அது உங்க நோட்டுல வேற எதுக்கோ இருந்துது.

அந்த வேல முடிஞ்ச மறுநாளு அந்த மூணுல மொத கடுதாசி வந்துது. கையில வாங்கி ஓரத்த கிழிக்க போயி நிறுத்திட்டேன். உள்ள வேற மாதிரி எழுதியிருந்தா நான் சத்தியத்த மீறுனவ ஆயிடுவேன். பிரிக்காத வரைக்கும் நான் மீறல. பானையில போட்டு மூடிட்டேன். அப்பறம் ரெண்டு வந்துது, அதயும் போட்டேன். தினம் அரிசி எடுக்கறப்ப அதுங்க என்னயே பாத்துகினு இருக்கும். உங்களுக்கு எழுதவும் கை வரல. எழுதினா உங்க கடுதாசி வந்துதான்னு கேப்பீங்க, நான் பொய்யி சொல்லணும்.

இப்ப களம். போன புதன்கெழம அறுப்பு. சின்னவரு, பங்காளிங்க நாலு பேரு எல்லாம் வந்து நாற்காலி போட்டு குந்திகினாங்க. எப்பவும் போல அறுத்த பொம்பளைங்க பதினோரு பேருக்கும் கூலி நெல்ல மொதல்ல அளந்து ஒதுக்கி வெச்சாச்சு. அப்பறம் மிச்சத்த மூட்ட புடிச்சாங்க. பதினேழு. பதினேழு மூட்ட, அடியில கொஞ்சம் தூசி. சின்னவரு துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு எழுந்தாரு. "ஒரு மூட்ட கம்மி. எல்லாரும் பாத்துக்கோங்க"ன்னாரு. "ஏ கொளஞ்சி, கூலிய வாரிகினு எல்லாரும் எடத்த காலி பண்ணுங்க."

அறுத்தவங்கள்ல காசியம்மாதான் கேட்டா. "இன்னாங்க சின்னய்யா, பதினேழுன்னா எங்க கூலி நெல்லு எங்க வெளஞ்சுது? வரும்போது மடியில கட்டிகினு வந்தமா?"

"கூலி கூலிதான். அது கணக்குல வராது."

"கழனி கண்ட நெல்லுன்னுதானே பேச்சு? நீங்க மூட்ட புடிச்ச நெல்லுன்னா பேசுனீங்க? இது அந்த கழனி காணாத நெல்லா?"

அவரு பதில் சொல்றதுக்குள்ள இருசம்மா கெழவி கூலி குமி மேல போய் குந்திகிச்சு. "எனக்கு முட்டி நோவுது. இத அளந்தாத்தான் எழுந்திருப்பேன்"னுது. மத்தவங்களும் கூலிய யாரும் மடியில கட்டல. வெயில்ல அப்பிடியே நின்னாங்க. பிள்ளைங்க வூட்ல பசியோட இருக்கறது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி அசையல. பங்காளிங்கள்ல பெரியவரு கடசியில, அளந்துதான் பாரேம்பா தங்கதுரைன்னாரு.

அளந்தாங்க. ஒண்ணே முக்கா மூட்ட. ரெண்டும் சேத்து பதினெட்டே முக்கா.

சின்னவரு வண்டிய எடுத்துகினு போயிட்டாரு. எங்க வூட்டுக்காரருக்கு இனிமே அவரு மருந்தடிக்க சொல்ல மாட்டாரு. அது தெரிஞ்சிதான் இருக்குது.

அப்பறம் வூட்டுக்கு வந்து மூணு கடுதாசியயும் வரிசையா பிரிச்சேன். மொதல்ல ஒண்ணும் செய்யாதேன்னு இருந்துது. நல்லவேள பிரிக்கல. மூணாவதுல உனக்கு தோணுறத செய்யின்னு இருந்துது. அம்மா, அத வந்த அன்னைக்கே பிரிச்சிருந்தா கடசி அஞ்சு நாளு பயந்துகினு கெடந்திருக்க மாட்டேன். கேரட்ட படிச்சிட்டு சிரிச்சேன். காசியம்மாவுக்கு சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துது. சொல்லல.

கையுறை வேணாம். வேர்க்கும்.

வேற ஒண்ணு கேக்கறேன். எழுத்துல கேக்கறேன், நேர்ல உங்க மூஞ்சிய பாத்தா எனக்கு வராது. அடுத்த பட்டம் அந்த ஏக்கர நான் கூலிக்கு செய்யல. வெளச்சல்ல பங்கு பிரிச்சிக்கிற வாரத்துக்கு குடுங்க. உங்களுக்கு ஒரு பங்கு, எனக்கு ரெண்டு பங்கு. இன்னா போடணும், எப்ப இழுக்கணும்னு நான் முடிவு பண்றேன். இல்லன்னா மணலூர்பேட்டை பக்கம் கரும்பு வெட்ட ஆளு கேக்கறாங்க, நாங்க ரெண்டு பேரும் போயிடறோம். இத நான் மெரட்டறதா நெனச்சிக்காதீங்க. நெனச்சிகினாலும் பரவால்ல.

கொளஞ்சி

*

30 ஆகஸ்ட் 1996

கொளஞ்சிக்கு,

வாரம் சரி. ஒரு பங்கு எனக்கு, இரண்டு பங்கு உனக்கு. முடிவு உன்னுடையது.

இதை முதல் வரியில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை விமானம். இந்தக் கடிதம் நான் வந்து நாலைந்து நாள் கழித்துத்தான் உன்னிடம் வரும். அதற்குள் நான் ஊர் மண்ணை மிதித்திருப்பேன். வாசலில் என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். தங்கதுரை வந்து, "கூலிக்காரி உங்களையே மிரட்டறாளா அண்ணி" என்பார். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். இங்கே, முட்டியில் மண்ணோடு உட்கார்ந்து எழுதும்போது எல்லாம் எளிதாக இருக்கிறது. அங்கே நான் இதே ஆளாக இருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. மூன்று நாளாக இதே பயம்தான்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். நான் வந்ததும் வாயால் சொல்லிவிட்டேன் என்றால் இதைப் பானையிலேயே போட்டுவிடு. சொல்லாமல் மழுப்பினால் என் எதிரில் நின்று சத்தமாகப் படி. பங்காளிகள் இருந்தால் அவர்கள் எதிரிலும் படி. என் கடிதத்தை மீறக் கூடாது என்று நான்தானே சொன்னேன். எனக்கும் அதுதான்.

காசியம்மாளுக்கும் இருசம்மாளுக்கும் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வந்து யோசிக்கிறேன். கேரட்டைக் காசியம்மாளிடம் சொல்லிவிடு. என்றைக்காவது அவள் சிரிக்கட்டும்.

மறுபடி விதைத்தது முளைத்துவிட்டது. வரிசையில் பாதிதான். க்வென் பரவாயில்லை என்கிறாள். நேற்று அதற்குக் களை எடுத்தேன். ஒவ்வொன்றையும் தொடும் முன் அவளைக் கேட்டேன். பத்தாவது தடவை அவள் சிரித்துவிட்டாள்.

பின்கட்டுத் தாழ்ப்பாளைப் பார்.

அமிர்தம்

(மடிப்பின் வெளிப்பக்கத்தில், முகவரிக்குக் கீழே)

கொளஞ்சி, இதைப் பிரி.